குப்பைக்குத்தான் கூலி

அன்றைக்கு அங்கே இருந்தது ஐந்து பேர். நான், என் மதினி, மோட்டார் ஓட்டுகிறவர், காண்ட்ராக்டர் அண்ணாச்சி, பாளையங்கோட்டையிலிருந்து மீன் பார்க்க வந்த காலேஜ் டீச்சர். ஆறாவது ஆள் இல்லை. சாட்சி என்று கேட்டால் இவர்கள்தான்.

ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே ஆற்றுக்குள் தண்ணீர் இழுக்கிற கிணறு ஒன்று உண்டு. அங்கிருந்து குழாய் வழியாகக் கடற்கரையில் இருக்கும் அனல்மின் நிலையத்துக்குத் தண்ணீர் போகும். கப்பலில் வந்து குவிகிற நிலக்கரியை நனைக்க, கொதிகலனுக்கு ஊற்ற, சாம்பலைக் கரைத்து விட, எல்லாவற்றுக்கும் எங்கள் ஆறு. கிணற்று வாயில் கம்பி வலை. அதில் அடைக்கிற குப்பையை வாரி ஓலைப்பெட்டியில் போடுவது எனக்கும் மதினிக்கும் வேலை. பெட்டிக்கு முப்பது ரூபாய். ஆகாயத்தாமரை, பாலிதீன் பை, பரிகாரம் என்று ஆற்றில் விட்ட சேலை. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பெட்டி தேறும்.

ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். யாராவது ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயம் தூக்கத்திலும் போகாது. மறுநாள் மகளிர் குழுத் தவணை வேறு கட்ட வேண்டும்.

கோடையில் ஆறு ஒடுங்கி, கிணற்று வாய்க்கு முன்னால் ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. மீனெல்லாம் அதில் ஒதுங்கியிருந்தன. டீச்சர் அதில் இறங்கி ஒரு கெண்டையைப் பிடித்துக் காட்டினார். முதுகுத் துடுப்பு நூல் நூலாக நீண்டிருந்தது. வாலருகே கறுப்புப் பொட்டு.

"இந்த மீன் உலகத்துலயே இந்த ஆத்துல மட்டும்தான் இருக்கு. காலையில அணைத் தண்ணி வந்துரும். அதுவரைக்கும் மோட்டாரை நிறுத்துங்க."

"அங்கன கரிக்குத் தாகமா இருக்கு டீச்சர்" என்றார் காண்ட்ராக்டர். "வேணும்னா ரெண்டைக் கொண்டுபோய்க் குழம்பு வச்சுக்கிடுங்க."

டீச்சர் எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கம்மா."

மோட்டார் நின்றால் குப்பை வராது. குப்பை வராவிட்டால் தவணை இல்லை. "எங்களுக்கு என்ன தெரியும் டீச்சர்" என்றேன்.

மத்தியானம் இரண்டாவது மோட்டாரையும் போட்டார்கள். பள்ளம் வற்ற வற்ற மீன்கள் வலைக்கு வந்தன. தண்ணீரின் இழுப்பில் திரும்ப முடியாமல் கம்பியில் ஒட்டிக்கொண்டன. சிலவற்றின் கண்ணில் கம்பி பதிந்திருந்தது. வாரிப் போட்ட பிறகும் பெட்டிக்கு அடியில் கிடந்தவை துடித்து, மேலே செத்துக் கிடந்தவற்றை அசைத்துக்கொண்டிருந்தன.

"ஏட்டி, இன்னைக்கு நமக்குத் தீவாளிதான்" என்றாள் மதினி.

காண்ட்ராக்டர் காதில் விழட்டும் என்று ஒவ்வொரு பெட்டியையும் சத்தமாக எண்ணினேன். டீச்சர் பெட்டிகளைக் கிளறி, உயிர் இருந்ததை எல்லாம் தன் வாளியில் விட்டார். வாளியிலும் அவை ஒவ்வொன்றாக வயிறு மேலாகப் புரண்டு செத்தன. கடைசியில் வாளியைக் கவிழ்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

சாயங்காலம் கூலிக்கு நின்றோம். "இருபத்திரண்டு பெட்டி, அண்ணாச்சி."

அவர் எட்டிப் பார்த்தார். "இதுல குப்பை எங்கட்டி இருக்கு? பூரா மீனுல்லா கிடக்கு."

"வலையில அடைச்சதைத்தான வாரினோம்."

"குப்பைக்குத்தான் கூலி. உலகத்துலயே இங்கன மட்டும்தான் இருக்குன்னு டீச்சரம்மா சொன்னாவல்லா? அதைப் போயி குப்பைங்கியே, உனக்கே அடுக்குமா?"

மோட்டார்க்காரர் சிரித்தார். பயத்தில் மதினியும் சிரித்துவிட்டாள்.

"அப்ப மீனையாவது நாங்க எடுத்துக்கிடுதோம்."

"எடுத்துட்டுப் போங்க. நாத்தம் தாங்கல."

வெயிலில் கிடந்து அழுகிய மீனை யார் வாங்குவார்கள்? கரையில் கொட்டினோம்.

காலையில் அணைத் தண்ணீர் சொன்னபடி வந்தது. பள்ளம் நிறைந்தது. வலையில் பழையபடி ஆகாயத்தாமரையும் சேலையும். அதற்கான கூலியை அன்றைக்கே எண்ணிக் கொடுத்தார். நூல் துடுப்புக் கெண்டை அதற்குப் பிறகு ஒன்றுகூட வலைக்கு வரவில்லை. நான் இன்னும் அங்கேதான் வாருகிறேன். பழைய பாக்கியைக் கேட்டால் உள்ள வேலையும் போய்விடுமோ என்று வாய் திறப்பதில்லை.

அறுநூற்று அறுபது ரூபாய்.