அவரே எழுதிய ஏழாம் பிரிவு

1. முதல் நாள்

ஜெரோம் எங்கள் அணியின் பொது முகாமையாளராக வந்த முதல் நாள், வீரர்களின் கோப்புகள் இருந்த அலுமாரியைப் பூட்டித் திறப்பை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எட்டு வருடப் பழக்கம் அது.

அந்த எட்டு வருடமும் ஜெரோம் மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தவர். அவர் வீரர்களின் ஏஜென்ற். ஒரு பெடியன் எந்த அணிக்கு விளையாடுவது, எத்தனை வருட ஒப்பந்தம், காயப்பட்டால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் அவனுக்காக அணிகளோடு கதைத்து முடிப்பவர். ஒரே பருவத்தில் எங்களிடமிருந்து மூன்று பேரைக் கொழும்புக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். நான் எங்கள் உதைபந்தாட்ட அணியின் பதிவுச் செயலாளர். அவருடைய பெயர் தொலைபேசியில் தெரிந்தாலே வீரர்களின் கோப்புகளை எடுத்து மேசையில் வைத்துவிடுவேன். அன்றைக்கு யாரோ போகப்போகிறான் என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவரைப் பணிப்பாளர் சபை எங்கள் அலுவலகத்துக்குத் தலைமை தாங்க அழைத்தது. எங்கள் கோச்சுக்கு அது பிடிக்கவேயில்லை. "ஆட்டுப்பட்டிக்கு ஓநாயைக் காவல் வைச்ச மாதிரிக் கிடக்கு" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

நாட்டின் வடக்கே, எங்கள் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, ஒரு வன்பொருள் கடையின் மேல்மாடியில்தான் எங்கள் அலுவலகம் இருந்தது. ஜெரோம் படியேறி வந்தார். குருநகர்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், வலது காலைச் சற்றுச் சாய்த்து நடப்பார். நேரே என் மேசைக்கு வந்து ஒரு கடிதத்தை வைத்தார்.

"பத்மாக்கா, முதல்லை இதைக் கோப்பிலை போடுங்கோ. நான் ஏஜென்ற் வேலையை விட்டிட்டன் எண்டு எழுதியிருக்கிறன். என்னோடை இருந்த பதினொரு பேருக்கும் தனித்தனியாச் சொல்லிப்போட்டன். அதிலை நாலு பேர் இஞ்சைதான் விளையாடுகினம். இனி அவையளுக்காக நான் கதைக்க ஏலாது. வேறை ஆளைப் பிடியுங்கோ எண்டு சொல்லியிருக்கிறன்."

நான் கடிதத்தை வாங்கினேன். அவர் அலுமாரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பூட்டினது நல்லது. நானெண்டாலும் பூட்டியிருப்பன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

2. சோம்பேறி என்று எழுதப்பட்டவன்

முதல் கிழமை அவர் ஒரு மாற்றமும் செய்யவில்லை. வீரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கதைத்தார். விளையாட்டைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. எங்கே படுக்கிறாய், காலமை என்ன சாப்பிடுகிறாய், பயிற்சி முடிந்து எப்படி வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டார். நான் பக்கத்தில் இருந்து குறிப்பெடுத்தேன். இதென்ன கேள்விகள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

எங்கள் முன்கள வீரன் கஜனின் முறை வந்தது. இருபத்திரண்டு வயது. கொடிகாமம் பக்கத்துப் பெடியன், முன்பு ஜெரோமோடு இருந்த நாலு பேரில் ஒருவன். அணியில் அதிக கோல் அடிப்பவன் அவன்தான். ஆனால் பயிற்சி முடிய முன்னமே நழுவிவிடுவான் என்று பழைய முகாமையாளர் அவனுடைய கோப்பில் 'சோம்பேறி, ஒழுங்கு போதாது' என்று எழுதி வைத்திருந்தார். அதைத் தட்டச்சு செய்தவள் நான்.

"ஏன் நேரத்தோடை போறனி?" என்று ஜெரோம் கேட்டார்.

கஜன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "அண்ணை, பயிற்சி முடிஞ்சு போனால் எங்கடை பக்கம் போற பஸ் இல்லை. பாதி வழி, சாவகச்சேரி மட்டும்தான் கிடைக்கும். அங்கையிருந்து ஆரும் ஏத்தினால் சரி, இல்லாட்டி நடைதான்."

"இதை ஆருக்கும் சொன்னனியோ?"

"ஆரும் கேக்கேல்லை, நீங்களும் அப்ப கேக்கேல்லை."

அன்று பின்னேரமே ஜெரோம் கோச்சிடம் போனார். பயிற்சியை முக்கால் மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவரவேண்டும் என்றார். கோச் கொதித்தார். வெயிலுக்குள் எப்படி ஓடுவது, இத்தனை வருடமாக இதே நேரம்தானே என்றார்.

"அவன் சோம்பேறி இல்லைக் கோச், அவனுக்கு பஸ் இல்லை. அவ்வளவுதான்" என்றார் ஜெரோம்.

பயிற்சி நேரம் மாறியது. கஜனும், அவன் பக்கத்து ஊரிலிருந்து வந்த இன்னொருவனும் கடைசி வரை நிற்கத் தொடங்கினார்கள். அந்த வருடம் எங்கள் அணி லீக் பட்டியலில் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். எவ்வளவு பெரிய காரணம் என்று என்னால் அளந்து சொல்ல முடியாது.

அவரில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். மின்னஞ்சல் பார்க்கவே மாட்டார். எல்லாவற்றையும் நான் அச்செடுத்து வைக்கவேண்டும். தொலைபேசியில் கத்துகிற கத்தில் கீழே கடைக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். ஒருமுறை கோல் கீப்பர் ஒருவனை அவசரப்பட்டு அணியிலிருந்து போகவிட்டுவிட்டு, பிறகு இரண்டு மாதம் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் "அது என்ரை பிழை" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அந்த நாற்காலியில் இருந்து அந்த வசனத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

3. மாலைதீவுக் கடிதம்

லீக்கில் இன்னும் ஆறு மட்ச் இருந்தது. நாங்கள் இரண்டாவது இடத்தில் நின்றோம். சந்தையில் மரக்கறிக்காரர்கூட என்னை மறித்து, "இந்த முறை கிண்ணம் எங்களுக்குத்தானே அக்கா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை காலை அணியின் மின்னஞ்சலைத் திறந்தேன். மாலைதீவிலிருந்து ஒரு கழகம் எழுதியிருந்தது. கஜனை உடனே ஒப்பந்தம் செய்ய விரும்புகிறோம், பத்து நாளுக்குள் பதில் வேண்டும்.

கஜனின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். கஜனின் ஒப்பந்தத்தில் ஏழாம் பிரிவு என்று ஒன்று இருந்தது. வெளிநாட்டுக் கழகம் எழுத்தில் கேட்டால் மூன்று நாளுக்குள் வீரனுக்கு அறிவிக்கவேண்டும், அவன் விரும்பினால் விடவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன், கஜனின் ஏஜென்றாக இருந்து அந்தப் பிரிவை எழுதியவர் ஜெரோம்தான். அன்றைய முகாமையாளர் அதை வாசித்துவிட்டுச் சிரித்தது எனக்கு ஞாபகம். "உவனை வெளிநாட்டிலையிருந்து ஆர் கேக்கப்போறான்? போடும், போடும்" என்றார்.

ஜெரோம் அன்று கொழும்பில் ஒரு கூட்டத்தில் இருந்தார். நான் பணிப்பாளர் சபைத் தலைவருக்குப் போன் எடுத்தேன். அவர் அரிசி ஆலை வைத்திருப்பவர். நல்ல மனிதர். அணி தொடங்கிய நாளிலிருந்து அதற்காக உழைத்தவர்.

"பத்மா, உதை இப்ப ஒருத்தருக்கும் காட்டாதையும். ஞாயிற்றுக்கிழமை மட்ச் முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார்.

"மூண்டு நாளுக்குள்ளை சொல்லவேணும் ஐயா."

"இமெயில் பிந்தித்தான் பாத்தனாங்கள் எண்டு சொல்லலாம். ஜெரோமுக்கும் சொல்லவேண்டாம்."

தலைவர் சொன்னார் என்பது உண்மை. ஆனால் அதை முழுக்க அவர் தலையில் போட எனக்கு மனமில்லை. எனக்கும் அந்தக் கிண்ணம் வேண்டும்போல இருந்தது. கடிதத்தை அச்செடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜெரோம் வந்து, "ஏதும் வந்ததோ அக்கா?" என்று வழமைபோலக் கேட்டார். "முக்கியமா ஒண்டும் இல்லை" என்றேன்.

சனிக்கிழமை காலை அவருக்கு மாலைதீவிலிருந்து பழைய அறிமுகம் ஒருவர் போன் எடுத்திருக்கிறார், கடிதம் கிடைத்ததா என்று. ஜெரோம் என் மேசைக்கு வந்தார். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, கஜன்ரை கடிதம் எப்ப வந்தது?"

"வியாழக்கிழமை காலமை."

அவர் என் முன்னால் இருந்த கதிரையில் அமர்ந்தார். பிறகு, "இண்டைக்குத்தானே மூண்டாவது நாள். இன்னும் நேரம் இருக்கு. தலைவரை வரச்சொல்லுங்கோ" என்றார். யார் மறைக்கச் சொன்னது என்று நான் சொல்லவேண்டி இருக்கவில்லை.

4. மேல்மாடியில் நடந்த கதை

தலைவர் வந்ததும் இருவரும் நின்றபடியே கதைத்தார்கள். நான் வெளியே போக எழும்பினேன். "நீங்கள் இருங்கோ அக்கா" என்றார் ஜெரோம்.

தலைவர்தான் தொடங்கினார். "ஜெரோம், நீர் இப்ப ஆரின்ரை ஆள்? ஏஜென்றோ, முகாமையாளரோ?"

"முகாமையாளர்தான் ஐயா. கஜன் போகக்கூடாதெண்டு உங்களைவிட எனக்கு ஆசை. ஆனால் அந்தப் பிரிவை எழுதினவன் நான். கதிரை மாறினதுக்காக நானே அதை மறைச்சால், மிச்சப் பெடியள் எங்கடை கடுதாசியை என்னத்துக்கு நம்பவேணும்?"

"கிண்ணம் போயிடும் காணும்."

"போகலாம்."

"கிண்ணம் போனால் உம்மடை வேலையும் போகும்."

"அதையும் எழுதித் தாங்கோ ஐயா, கையெழுத்து வைக்கிறன்."

தலைவர் முகம் சிவந்து கீழே இறங்கிப் போனார். ஜெரோம் கதிரையில் அமர்ந்து வலது முழங்காலைத் தடவிக்கொண்டார். அப்போதுதான் அந்தக் காலின் கதையைச் சொன்னார். இருபத்திரண்டு வயதில் கொழும்பு அணி ஒன்றுக்கு விளையாடும்போது முழங்கால் முறிந்ததாம். முறிய ஒரு மாதத்துக்கு முன் வேறொரு அணி அவரைக் கேட்டு எழுதியிருக்கிறது. அந்தக் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பார்க்க வந்த அந்த அணியின் சமையல்காரர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

"போயிருந்தாலும் கால் முறிஞ்சிருக்கும். ஆருக்குத் தெரியும்? ஆனால் கடிதம் என்ரையெல்லோ அக்கா" என்றார்.

நான் கடிதத்தை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

5. கொடிகாமம் சந்தை

மத்தியானத்துக்கு முன் என்னையும் ஏற்றிக்கொண்டு கொடிகாமம் போனார். கஜனின் தாய் அங்கே சந்தையில் மரக்கறி விற்பவர். சனிக்கிழமைகளில் கஜனும் அங்கேதான் நிற்பான். நாங்கள் போனபோது கத்தரிக்காய்ச் சாக்கைத் தோளில் வைத்திருந்தான். எங்களைக் கண்டதும் பயந்துபோய் இறக்கி வைத்தான்.

ஜெரோம் கடிதத்தை என்னைக்கொண்டே வாசிப்பித்தார். தாய்க்கும் விளங்கும்படி நான் தமிழில் சொன்னேன். முடிந்ததும் ஜெரோம் கஜனிடம் சொன்னார்.

"நான் இப்ப அணியின்ரை ஆள். நீ நிக்கவேணும் எண்டுதான் எனக்கு விருப்பம். நிண்டால் கிண்ணம் கிடைக்கும் எண்டு நம்புறன். ஆனால் முடிவு உன்ரை."

கஜன் அவரையே பார்த்தான். "அண்ணை, நீங்கள் இப்பவும் என்ரை ஏஜென்றா இருந்தால் என்ன சொல்லுவியள்?"

ஜெரோம் தலையைத் திருப்பினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்து ஓர் இலக்கத்தை எழுதிக் கொடுத்தார். அது இன்னொரு ஏஜென்றின் இலக்கம். பல வருடமாக இவரோடு போட்டிக்கு நின்றவர். இருவரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

"என்னட்டைக் கேக்காதை. இவரைக் கேள். எனக்கு அவரைப் பிடியாது, ஆனால் ஆள் பொய் சொல்லமாட்டார்."

தாய் தராசை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கேட்டார். "தம்பி, உந்தக் கடிதம் இண்டைக்கோ வந்தது?"

"இல்லை அம்மா, வியாழக்கிழமை வந்தது. ஒஃபீசிலை பிந்திப்போச்சு. பிழை என்ரை" என்றார் ஜெரோம்.

அவர் அதை யோசிக்காமலே சொன்னார். எனக்குத் தாங்கவில்லை.

"இல்லை அம்மா, நான்தான் வைச்சிருந்தனான். அவருக்கும் இண்டைக்குத்தான் தெரியும்" என்றேன்.

கஜன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தாய்தான் சொன்னார். "வந்து சொல்லிப்போட்டியள்தானே பிள்ளை. சரி, வெயிலுக்கை நில்லாமல் உள்ளுக்கு வாங்கோ."

6. பிறகு நடந்தது

கஜன் ஞாயிற்றுக்கிழமை விளையாடினான். ஒரு கோல் அடித்தான். வென்றோம். அடுத்த கிழமை மாலைதீவுக்குப் போய்விட்டான். மிச்சம் ஐந்து மட்சில் இரண்டு தோல்வி, இரண்டு சமநிலை. நான்காவது இடத்தில் முடித்தோம். கிண்ணம் கிடைக்கவில்லை. நான் அங்கே இருந்த காலம் முழுவதும் கிடைக்கவேயில்லை.

பருவம் முடிந்ததும் சபை கூடியது. ஜெரோமை நீக்கும் பேச்சு வந்தது. குறிப்பெடுக்க நான் இருந்தேன். எதிர்பாராமல் கோச் எழும்பினார்.

"எனக்கும் இவருக்கும் ஒத்துவராது, உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒண்டு சொல்லுறன். ஒன்பது பேரின்ரை ஒப்பந்தம் இந்த மாதம் முடியுது. ஒவ்வொரு வருசமும் பாதிப் பேர் போவினம். இந்த முறை எட்டுப் பேர் நிக்கிறம் எண்டு என்னட்டைச் சொல்லிப்போட்டாங்கள். ஏன் எண்டு கேட்டன். இஞ்சை எங்களுக்கு வாற கடிதம் எங்கடை கைக்கே வரும் எண்டு சொல்லுறாங்கள்."

தலைவர் கனநேரம் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "பத்மா, உந்த ஏழாம் பிரிவைப் புது ஒப்பந்தம் எல்லாத்திலையும் போடும்" என்றார். ஜெரோமின் வேலையைப் பற்றி அதன் பிறகு யாரும் கதைக்கவில்லை.

கூட்டம் முடிந்து ஜெரோமிடம் போனேன். அந்தக் கடிதத்துக்காக மன்னிப்புக் கேட்டு ஒரு விளக்கக் கடிதம் எழுதி வைத்திருந்தேன், என் கோப்பில் போடும்படி. அவர் வாசித்தார். மடித்துத் திருப்பித் தந்தார்.

"சந்தையிலை சொல்லிப்போட்டியள்தானே அக்கா. அது காணும். நாளைக்கு எட்டுப் பேர் கையெழுத்து வைக்க வருவினம். ஒவ்வொருத்தருக்கும் முழுக்க வாசிச்சுக் காட்டுங்கோ."

எட்டுப் பேருக்கும் வாசித்தேன். தொண்டை கட்டிவிட்டது.

ஏஜென்ற் என்றால் ஆட்களைப் பிரித்துக்கொண்டு போகிறவர் என்றுதான் எட்டு வருடம் நினைத்திருந்தேன். ஒரு வீரன் எதற்காக ஓர் அணியை விட்டுப் போகிறான் என்பது எங்கள் எல்லோரையும்விட, அந்த வேலை செய்த ஜெரோமுக்குத்தான் தெரிந்திருந்தது. அதனால்தான் எட்டுப் பேர் நின்றார்கள்.

இப்படிப்பட்ட அலுவலகங்களுக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்னிடம் சொல்ல இருப்பது ஒன்றுதான். வருகிற கடிதம் யாரைப் பற்றியதோ, அதை அன்றைக்கே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மேலே இருப்பவர் நல்லவராக இருந்தாலும், காரணம் நல்லதாக இருந்தாலும், நீங்கள் வைத்திருக்கவேண்டாம். நான் இரண்டு நாள் வைத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.