வாய்க்கால் கரைத் தக்காளி

திருநெல்வேலியில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் ஏலம் கூறி ஓய்வு பெற்றவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஓர் ஆனி மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது தக்காளிக்குக் கடும் தட்டுப்பாடு. விடியும்போது ஒரே ஒரு லாரி வரும். மேற்கு மலையிலிருந்து சாரல் மிதந்து வந்து பெட்டிகளின் மேல் படியும். நான் விலை சொல்லச் சொல்ல ஹோட்டல்காரர்கள் ஏற்றிக்கொண்டே போவார்கள். என் குரல் வேறு யாருடையதோபோல எங்கோ உயரத்தில் கேட்கும். தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கும் பெண்கள் ஏலம் முடியுமுன்பே வெறும் கூடையோடு ஒதுங்கிவிடுவார்கள்.

அவர்களில் ஒருத்தியான பேச்சியம்மாள், ஒருநாள் மேலப்பாளையம் தெருவில் தக்காளி விற்றுக்கொண்டிருந்தாள். சின்னச் சின்னப் பழங்கள். விலையும் சந்தையில் பாதிதான்.

“பேச்சி, நீ ஏலத்துக்கே வரலையே. பழம் எங்கன கெடச்சுது?”

“யாருட்டயும் சொல்லிராதிய அண்ணாச்சி. வாங்க, காட்டுதேன்.”

ஊருக்கு வெளியே வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனாள். புல்லுக்கும் எருக்குக்கும் நடுவே தக்காளிச் செடிகள் தண்ணீர்வரை படர்ந்து கிடந்தன. நாலைந்து பெண்கள் சத்தமில்லாமல் பறித்துக்கொண்டிருந்தார்கள். பழங்களின் சிவப்பு தண்ணீரில் நெளிந்தது. விலை கூறப்படாத தக்காளியை நான் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

அந்த நேரம் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கி வந்தார். எங்கள் கடைக்குப் பழம் கொண்டுவருகிற விவசாயி சுடலைமுத்து.

“பங்குனியில வெல விழுந்தப்பம் நான் கொட்டுன பழம்லா இது,” என்றார். “பறிகூலிக்கும் கட்டாதுன்னு வண்டியோட இங்கன கவுத்துட்டுப் போனேன். மொளச்சிருக்கு பாரும்வே.”

பெண்களின் கைகள் நின்றுவிட்டன. பேச்சியம்மாள் கூடையை அவர் காலடியில் இறக்கினாள். “ஒங்க பழந்தான் அண்ணாச்சி. எடுத்துக்கிடுங்க.”

அவர் கூடையைத் தொடவில்லை. செடிகளையே பார்த்தபடி நின்றார்.

“அந்த நட்டத்துக்குப் பொறவு வயல்ல உளுந்து போட்டுட்டேன்,” என்று என்னிடம் சொன்னார். “எங்க பக்கம் ஒருத்தனும் தக்காளி வைக்கல. இப்பம் வெல ஏறியிருக்கு. விக்கதுக்குப் பழம் இல்லவே.”

பிறகு பேச்சியம்மாளிடம் கூச்சத்தோடு கேட்டார்: “வீட்ல ரசத்துக்கு இல்ல. ரெண்டு பறிச்சுக்கிடட்டுமா?”

அவள் அவருடைய துண்டை வாங்கி, கனிந்ததாகப் பார்த்து நிறையப் போட்டு முடிந்து கொடுத்தாள். “பைய கொண்டு போங்க. நசுங்கிரும்.”

விலை ஏறினால் விளைவித்தவருக்கு நல்ல காலம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மறு வருஷம் விலை விழுந்தபோது முதலாளியிடம் பேசி, பெட்டிகளைப் பிரித்துச் சின்னக் கூறுகளாக ஏலம் விட்டேன். தலைச்சுமைப் பெண்களும் கேட்டு வாங்கினார்கள். ஒரு வண்டிகூடப் பழத்தோடு திரும்பவில்லை. ஏலம் கூற வருகிறவர்களே, விலை விழுகிற நாளில் அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள். வந்த பழம் யார் கைக்காவது போய்ச் சேரும்வரை கூறிக்கொண்டே இருங்கள்.