தோள்ல போட்டுக் காட்டுற வேலை

இன்னைக்குத் துடியலூர் பஸ்ஸுல என்ற பழைய ஜவுளிக்கடை மொதலாளியைப் பாத்தேன். தொண்ணூத்தாறுல, சேலையைத் தோள்ல போட்டுக் காட்டுற வேலைக்கு என்னை எடுத்தவரு.

அழகைப் பாத்துத்தான் எடுத்தாங்கன்னு ஊட்டுக்காரர்கிட்ட இத்தனை வருசமாப் பெருமையடிச்சிருக்கேன். அவரும் பக்கத்துலதான் நின்னாரு. சாட்சிக்கு ஆச்சுன்னு கேட்டுப்போட்டேன்.

"ஏனுங்க மொதலாளி, அன்னைக்கு வந்த அத்தனை பேருல என்னைய எதுக்குங்க எடுத்தீங்க?"

"அழகான புள்ளைக தோள்ல எந்தச் சேலையும் எடுப்பாத்தான் இருக்கும் அம்மணி. வாங்குனவங்க ஊட்டுல கட்டிப் பாத்துட்டு, மாத்திக் குடுன்னு வந்துருவாங்க. உன்ற தோள்ல நல்லாருந்தா ஊருக்கே நல்லாருக்கும் கண்ணு."

ஊட்டுக்காரரு இன்னும் சிரிச்சு முடிக்கலை.

ஆனா நான் காட்டி வித்த சேலை ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லீங்க. இதுக்கு நான் சந்தோசப்படறதா, கோவிச்சுக்கறதா, நீங்களே சொல்லுங்க.