பொன்னியக்காவும் நிற்கக் கூடாத பெட்டியும்

இமயமலையில் இன்னும் கொஞ்சம் பனி மிச்சம் இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் எங்கள் பொன்னியக்காதான். டெல்லி கோட்லாவில் ஒரு சந்துக்குள் தோசை மாவு விற்றுக்கொண்டே பூமியின் காய்ச்சலைத் தனியாளாக இறக்கியவள் அவள். கடல் பொங்காமல் காலால் மிதித்து வைத்திருந்தாள். வடதுருவத்துக் கரடிகள் அவள் படத்தை மாட்டி விளக்கேற்றுவதாகக் கேள்வி. இதை நானாகச் சொல்லவில்லை. அவளோடு நின்று படம் பிடித்துக்கொண்டு போன கோட்டுக்காரர்கள் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். கரடி மட்டும் என்னுடையது.

நிஜப் பொன்னியக்கா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து அம்மா இடுப்பில் உட்கார்ந்து டெல்லிக்கு வந்தவள். கட்டட வேலை நடந்த இடங்களில் மணலில் விளையாடி வளர்ந்தாள். அப்புறம் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த வீட்டு மாமிகளுக்கு மாவும் அரைத்துக் கொடுத்தாள். பாத்திரத்தைவிட மாவு பேர் வாங்கியது. புருஷன் ஆட்டோ ஓட்டியவன். ஒருநாள் ஆட்டோவோடு ஃபரீதாபாத்தில் வேறொருத்தி வீட்டுக்கு ஓட்டிப் போய்விட்டான். "இனிமே அவளுக்கு மீட்டர் ஓடட்டும்" என்றாள். அதற்கு மேல் அந்தக் கதை அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

டெல்லியில் மாவுக்கு ஒத்துப்போகிற மாதம் இரண்டோ மூன்றோதான். குளிரில் ரஜாய் போர்த்தினாலும் பொங்காது. வெயிலில் காலையில் அரைத்தது மத்தியானமே புளித்துவிடும். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் வெறும் பீரோ. ஜெனரேட்டர் வைக்கலாமென்றால் டீசல் புகைக்கு வீட்டுக்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான். ஒரு ஜூன் மாதம் அவள் ஒரு டிரம் மாவைச் சாக்கடையில் கொட்டுவதை மாடியில் குடியிருக்கும் நான் பார்த்தேன். கொட்டி முடித்துப் பாத்திரத்தை விரலால் வழித்து, அந்த விரலை நக்கிப் பார்த்தாள். இன்னும் தேறுமா என்று.

இந்த நிலைமையில்தான் நரேன் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், குர்கானில் சின்னதாக ஒரு கம்பெனி. அவர் செய்திருந்த பெட்டிக்குள் உப்புநீர் அடைத்த ஒரு கட்டி இருக்கும். மொட்டைமாடியில் சூரியத் தகடு. வெயில் அடிக்கும்போது கட்டி பனியாக உறையும். அப்புறம் வெயில் போனாலும் கரண்ட் போனாலும் அது உருகி முடிய ஒரு நாளைக்கு மேல் ஆகும். அதுவரை மாவு சுகமாகத் தூங்கும்.

விலை அவளால் முடியாதது. நரேன் அவளை பேங்க்குக்கு அழைத்துப் போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"இதுக்கு முன்னாடி யார் வாங்கியிருக்காங்க?" என்று கேட்டார் மேனேஜர்.

"இவங்கதான் சார் முதல்ல."

"கட்டாம விட்டா நாங்க பெட்டியைத் தூக்கிட்டுப் போய் யார்கிட்ட விக்கறது? ஒரு பத்து பேர் வாங்கின அப்புறம் வாங்க."

"அந்தப் பத்து பேருக்கு யார் சார் கடன் குடுப்பாங்க?"

மேனேஜர் நியாயமானவர். கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

கடைசியில் ஒரு நிதி நிறுவனம் அகப்பட்டது. புதுசாகக் கண்டுபிடித்த பசுமைக் கருவிகளுக்கு ஜாமீன் நிற்பதே அதன் வேலை. அங்கிருந்து வந்தவர் மேதா மேடம். டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப்பெண். தமிழ் பேசும்போது சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல் ஜாக்கிரதையாகப் பேசுவார். அவர் சொன்ன ஏற்பாடு இது: கம்பெனி செலவில் பெட்டியை வைக்க வேண்டும். கோடை ஆரம்பத்திலிருந்து தீபாவளி வரை அது ஒருநாளும் நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் நிதி ஜாமீன் போடும், பேங்க் கடன் தரும், பொன்னியக்கா மாதாமாதம் கட்டிப் பெட்டியைத் தனதாக்கிக்கொள்ளலாம். நின்றால் பெட்டி திரும்பிப் போய்விடும். ஓடுகிறதா என்று பார்க்கப் பெட்டிக்குள்ளேயே ஒரு சிம் கார்டு.

"அச்சா, புரிஞ்சுதா?" என்றார் மேடம்.

"நிக்கக் கூடாது. அவ்ளோதானே" என்றாள் அக்கா.

அந்தக் கோடை அவளுடையது. மாவு புளிக்கவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட் கடைகள் இரண்டு அவளிடமே பாக்கெட் எடுத்தன. நிதி நிறுவனத்துக் கோட்டுக்காரர்கள் வாராவாரம் வந்து, அவளைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திக் கும்பிடச் சொல்லிப் படம் எடுத்து, ஓசியில் தோசை தின்று, ஏசி காரில் போனார்கள். காரை அணைக்காமல் சந்து முனையில் உறும விட்டிருப்பார்கள். நான் நரேன் குரலில் அவளுக்குப் போன் போட்டு, "அக்கா, பெட்டிக்குச் சளி பிடிச்சிருக்கு, மிளகு ரசம் வைங்க" என்பேன். "உன் மண்டையில ஊத்தறேன், அங்கயே இரு" என்பாள்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு உழைக்கிற சாமானுக்கு ஓய்வு. எங்கள் சனம் அன்று கத்தரிக்கோலால் ஒரு நூல்கூட வெட்டாது. அக்கா கிரைண்டரைக் கழுவிப் பொட்டு வைத்தாள். தராசுக்குச் சந்தனம். பெட்டிக்கு மாலை, நாலு மூலையிலும் குங்குமம். பிறகு எல்லாவற்றையும் போலவே அதையும் அணைத்தாள். போனையும் அணைத்துப் பொரியோடு சாமி முன்னால் வைத்தாள். பூசணிக்காய் உடைத்தோம். வந்த அத்தனை பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எங்களுக்கு அது நிறுத்தம் அல்ல, பூஜை.

சாமி முன்னால் கிடந்த போனுக்கு நரேன் நாள் முழுக்க அடித்திருக்கிறார்.

தீபாவளி முடிந்து மேதா மேடம் வந்தார். இந்தமுறை தோசை வேண்டாம் என்றார். அப்போதே தெரிந்துவிட்டது.

"மேடம், அது ரிப்பேர் ஆகல, அவங்களா நிறுத்தினாங்க" என்றார் நரேன். "நிறுத்தின அன்னிக்கும் உள்ள குளிர் குறையவே இல்ல. கரண்ட் இல்லாம தாங்கணும்னுதானே இதைச் செஞ்சோம்? அன்னிக்குத்தான் அது பாஸ் ஆச்சு."

"நரேன், அக்ரிமென்ட்ல ஓடற நேரம் இருக்கு. குளிர் இல்ல. மெஷின் தானா நின்னாக்கூட பரவால்ல, சரி பண்ணலாம். ஆள் நிறுத்தினா, அந்த ஆளை நம்ப முடியாதுன்னு கமிட்டி எழுதிடும். எழுதிட்டாங்க."

பொன்னியக்கா மேடம் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்ல பூஜை உண்டாம்மா?" என்று கேட்டாள்.

"ம். உண்டு."

"என்ன வெப்பீங்க?"

மேடம் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். "லேப்டாப்."

"அன்னிக்கு அதுல வேலை பாத்தீங்களா?"

"ஆபீஸ் லீவுக்கா."

"நல்லா இருங்க" என்றாள் அக்கா. அது வாழ்த்து மாதிரியும் இல்லை, திட்டு மாதிரியும் இல்லை.

பெட்டியை டெம்போவில் ஏற்றும்போது நாலு மூலைக் குங்குமம் அப்படியே இருந்தது. ஏற்ற வந்த பையா துடைக்கப் போனான், அவள் விடவில்லை. இப்போது அது சாணக்யபுரியில் ஒரு கண்ணாடிக் கூடத்தில் காட்சிக்கு நிற்கிறது. பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒருநாளும் நிற்காமல் ஓடுகிறதாம். உள்ளே விருந்தாளிகளுக்குத் தண்ணீர் பாட்டில். பக்கத்தில் ஆளுயரப் படத்தில் பொன்னியக்கா, கும்பிட்டபடி சிரிக்கிறாள்.

கூடத்தில் பார்த்ததை நான் அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த கோடை வந்தது. மார்க்கெட் கடைகள் வேறு ஆளிடம் போய்விட்டன. மாமிகள் மட்டும் மிச்சம். அவர்களும் ஒருநாள் புளித்தால் போய்விடுவார்கள். கரண்ட் பழையபடி போனது. ஆனால் மாவு புளிக்கவில்லை. பெட்டி நின்ற இடத்திலேயே இப்போது டிரம் இருக்கிறது.

"என்னாடா அதிசயம், டிரம் சில்லுனு இருக்குது" என்றாள்.

"அந்தப் பெட்டி விட்டுட்டுப் போன குளிர்க்கா" என்றேன். "தரையில இறங்கியிருக்கும். கண்டுபிடிப்பே அதுதான். நரேன் சார்கூட சொன்னாரே."

"ஓஹோ" என்று கேட்டுக்கொண்டாள். நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். தினமும் விடியலில் அவள் குழாயடிக்குப் போனதும் ஐஸ் நிரப்பிய சாக்குப்பை வந்து டிரம்மைச் சுற்றி உட்காரும். அவள் பார்ப்பதற்குள் ஐஸ் உருகி வடிந்து, சாக்கில் ஈரம் மட்டும் இருக்கும். யார் வைத்தார்கள் என்று எனக்கென்ன தெரியும்?

நேற்று மாவு வாங்கப் போனேன். பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"ஏண்டா வெங்கி, பெட்டி விட்டுட்டுப் போன குளிரு தரையில நிக்குது, சரி. கூடவே அயிலை மீன் வாசனையும் நிக்குதே, அது எந்தக் கம்பெனி கண்டுபிடிப்பு?"

நான் பாத்திரத்தைப் பார்த்தேன்.

"மீன் கடையில ஐஸ் வாங்காத. மாமிங்க மூக்கு பொல்லாத மூக்கு. நாளையிலருந்து ஜூஸ் கடைக்காரன்கிட்ட கேளு. சொல்லி வச்சிருக்கேன்."