செருப்புக் கணக்கு

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. மதுராந்தகம் ஏரியில் எருமை கழுவிய வயதிலேயே நீச்சல் வந்துவிட்டது, யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பிறகு லாரி கழுவினேன், லாரி ஓட்டினேன், இன்றைக்குச் செங்கல்பட்டில் என் பெயர் போட்ட லாரிகள் ஓடுகின்றன. சர்க்கரை இருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னபோது, நடப்பதெல்லாம் கிழவன் வேலை என்று சொல்லிவிட்டு, கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, அதற்கு மேல் ஓடவும் வேண்டிய ட்ரையத்லான் போட்டிக்குப் பேர் கொடுத்தேன். அறுபதைத் தாண்டியவர்கள் பிரிவில் முதல் பரிசு வாங்கினேன். அந்தப் பிரிவில் நான் ஒருத்தன்தான் என்று சிலர் சிரித்தார்கள். வேறு எவனாவது வந்திருக்க வேண்டியதுதானே.

ஞாயிறு காலையில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு ஓரமாகக் கூடுவோம். மற்றவர்கள் எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள், நீச்சல் குளத்தில் பழகியவர்கள். குளத்தின் அடியில் கோடு போட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். கடலில் கோடு ஏது? கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, கடற்கரைக் கோயில் கோபுரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துத் திசை பிடிக்க வேண்டும். எனக்கு அது தண்ணீர் பட்டபாடு. எப்போதும் நான்தான் முதலில் கரையேறுவேன்.

அந்தக் கூட்டத்தில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். அணு ஆராய்ச்சி ஆபீஸில் வேலை, குவார்ட்டர்ஸில் குடும்பம். என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். மெதுவாக நீந்துவார், இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவையைக் கட்டாமல் தண்ணீரில் கால் வைக்கமாட்டார். செருப்பு வழக்கத்தை ஏற்படுத்தியவர் அவர்தான். கடலில் இறங்குமுன் எல்லாரும் செருப்பை மணலில் வரிசையாக விட வேண்டும், ஏறியதும் போட்டுக்கொள்ள வேண்டும். வரிசையில் ஒரு ஜோடி மிச்சம் இருந்தால் ஓர் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

நான் மட்டும் வெறுங்காலோடு வருவேன். போட்டியில் கடலிலிருந்து சைக்கிள் வரைக்கும் வெறுங்காலில்தான் ஓட வேண்டும், அதற்குப் பழக்கம் என்று சொல்லிக்கொள்வேன். அதுவும் உண்மைதான். செருப்பில்லாமல் வளர்ந்த கால் என்ற திமிரும் உண்டு. அவர் விடவில்லை, வாராவாரம் கேட்டார்.

"அண்ணாச்சி, சும்மா பேருக்கு ஒரு ஜோடி கொண்டாங்களேன். கணக்கு உதைக்கிதுல்லா?"

"என் உள்ளங்காலுதான் சார் செருப்பு. அதயும் சேத்து எண்ணிக்கோ."

மழை விட்டிருந்த ஒரு கார்த்திகை ஞாயிறு அது. மற்றவர்கள் கரைக்குத் திரும்பும்போது நான் இன்னொரு சுற்று போனேன். அலை மேட்டுக்குப் பின்னால் ஒரு தலை கரையிலிருந்து தெரியாது. திரும்பி நீந்த ஆரம்பித்தேன். தலையைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் கோபுரம் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடல் தெற்கே ஓடிக்கொண்டிருந்தது, நான் அதோடு போய்க்கொண்டிருந்தேன். இடது கெண்டைக்கால் கல்லாக இறுகியது. மல்லாந்து படுத்துக் கிடந்தேன். நான் செத்தால் எத்தனை நாள் கழித்து வீட்டில் தெரியும் என்று யோசித்தேன். மனைவி போய்விட்டாள், மகன்கள் வெளியூர்.

மீன்பிடித்துத் திரும்பிய ஒரு ஃபைபர் படகு பக்கத்தில் வந்தது. இரண்டு பேர் இருந்தார்கள்.

"இன்னா பெருசு, சாவுறதுக்கு வேற எடம் கெடைக்கலியா ஒனக்கு?" என்றான் ஒருவன்.

"நீந்திகினு கீறேன். உன் வேலயப் பாரு."

"எங்க நீந்திகினு கீற? கடல் உன்ன இட்டுகினு போவுது, நீ படுத்துகினு கீற. கையக் குடு நைனா."

கையைக் கொடுத்தேன். வலைமேல் விழுந்து கிடந்தேன். சவுக்குத் தோப்புக்கே கொண்டு விடச் சொன்னேன், வடக்கே திருப்பினார்கள். உயிர் பிழைத்த வேகத்தில் ஏரியை நான் குறுக்கே நீந்திய கதையை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். இன்னொரு ஆளாக இருந்தால் போயிருப்பான் என்றேன். அதை இப்போதும் சொல்வேன்.

அந்தக் கதை முடிவதற்குள் முன்னால் இருந்தவன் எழுந்து நின்றான்.

"அங்க இன்னா கீது, ஆரஞ்சா?"

மிதவை தனியாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போனபோதுதான் கயிறு தெரிந்தது. கயிற்றின் நுனியில் அவர், முகம் தண்ணீருக்குள். மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். படகிலேயே நெஞ்சை அழுத்தினார்கள். தண்ணீர் வந்தது, அதோடு தின்ற பொங்கலும் வந்தது. மூச்சு வரவில்லை.

கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை ஒருத்தி ஓடி வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான அந்தப் பெரியவரு? உன்னத் தேடிகினுதான்யா இது உள்ள போச்சு. போட் வருது, சொல்லி அனுப்பலாம், செத்த இருன்னேன். கேக்கல."

நடந்தது அவள் சொல்லியும் மற்றவர்கள் சொல்லியும் தெரிந்தது. வரிசையில் செருப்பு மிச்சமில்லை என்று பார்த்துவிட்டு எல்லாரும் ரோட்டோரக் கடைக்கு நாஸ்தா சாப்பிடப் போயிருக்கிறார்கள். முதலில் ஏறுகிறவன் நான், சைக்கிளில் முன்னாலேயே போயிருப்பேன் என்று நினைத்திருக்கிறார்கள். பொங்கல் பாதியில் அவருக்கு மட்டும் சந்தேகம் வந்திருக்கிறது. நான் கடையிலும் இல்லை. தனியாகத் திரும்பி வந்து எனக்குப் போன் போட்டிருக்கிறார். மணி தோப்புக்குள் அடித்திருக்கிறது, மரத்தில் சாத்திய என் சைக்கிளில் மாட்டியிருந்த பைக்குள். அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை. சாப்பிட்ட வயிற்றோடு இறங்கிவிட்டார். ஆனாலும் மிதவையைக் கட்டிக்கொண்டார். செருப்பையும் வரிசை விடுகிற இடத்தில் சேர்த்து விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்.

நாங்கள் அவரை மணலில் இறக்கும்போது கடையிலிருந்து மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். முன்னால் வந்த பையனுக்குப் படகு கண்ணில் படவில்லை. பழக்க தோஷத்தில் மணலைத்தான் பார்த்தான். "சார் செருப்பு கீது. சார் இன்னும் உள்ளதான் கீறாரு" என்று பின்னால் வந்தவர்களுக்குச் சொன்னான்.

போலீஸ் வந்தது. குவார்ட்டர்ஸிலிருந்து அவர் மனைவியை அழைத்து வந்தார்கள். அந்த அம்மா அழவில்லை. கணவர் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து எங்கள் கூட்டத்தைப் பார்த்தார்.

"இதுல அண்ணாச்சி யாரு?"

நான்தான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"இன்னும் வாங்கலியா?" என்று கேட்டார்.

என் கால்விரல்கள் ஈர மணலில் பாதி புதைந்திருந்தன. இன்னும் கொஞ்சம் உள்ளே புதைத்துக்கொண்டேன்.