குடையை வைத்துத் தீயணைத்த கதை

ஃபயர் சிலிண்டர் தொழில் என்பது, வரவே கூடாத விருந்தாளிக்கு வருஷம் முழுக்க இலை போட்டு வைக்கிற தொழில். கொச்சிப் பக்கம் இந்த மட்டாஞ்சேரியில் அதைத் தோளில் சுமந்து கடை கடையாக ஏறி இறங்குகிறவன் நான். நீங்களும் இதே பிழைப்பு என்றால் நான் சொல்வது உங்களுக்குப் புதிதாக இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

வெள்ளைப் பெயிண்ட்

ஃபோர்ட் கொச்சியில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு வீடு. வருஷாவருஷம் சோதனைக்குப் போவேன். இந்தத் தடவை போனால் சிலிண்டரைக் காணோம். வீட்டுக்கார அம்மா சுவரைக் காட்டினார். சுவரோடு சுவராக வெள்ளைப் பெயிண்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள். உள்ளே காற்று இருக்கிறதா என்று காட்டுகிற முள்ளுக்கும் சேர்த்து இரண்டு கோட்டிங்.

புகை மூட்டத்தில் இதை எப்படியம்மா தேடுவீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை, அன்பாகத்தான் சொன்னார்: "சிவப்பு கண்ணை உறுத்துது அண்ணாச்சி. ஆளுங்க போட்டோ எடுக்கிற சுவர் இல்லையா அது."

குடை

பஜாரில் நான் சிலிண்டர் மாட்டிய ஒரு சுக்கு கோடவுன். கீழே மூட்டைகள், மாடியில் பெண்கள் உட்கார்ந்து சுக்கு பொறுக்குவார்கள். இறங்க ஒரே மரப்படி. அங்கே காவல்காரர் ஜோசப் சேட்டன். என்னைவிட மூத்தவர். போகும்போதெல்லாம் சாயா வாங்கித் தருவார், படியோரத்து மூட்டைகளை நகர்த்தி எனக்கு வழிவிடுவார்.

ஆட்களுக்குச் சிலிண்டர் பிடிக்கச் சொல்லித்தர முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஒரு சிலிண்டரை எடுத்து முற்றத்துக்கு நடந்தேன். முதலாளி மறித்தார். ஒரு தடவை அமுக்கினால் மறுபடி நிரப்ப வேண்டுமே, வாயாலேயே சொல்லுங்கள் என்றார். வெறும் கையை வைத்து எதைச் சொல்வது? மூலையில் கிடந்த குடையை எடுத்துக்கொண்டேன். பின்னைப் பிடுங்கணும், நிமிர்த்திப் பிடிக்கணும், தீயின் அடியைப் பார்த்து அமுக்கணும். குடைக்கு எது தலை, எது கால்? ஒவ்வொருவராகக் குடையை வாங்கி ஆட்டினார்கள். மாடிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஜோசப் சேட்டன் மட்டும் குடையைத் தொடவில்லை. இளவயதில் துறைமுகத்து வில்லிங்டன் தீவில் ஒரு பண்டகசாலையில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்துச் சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தரையில் குத்தினால்தான் தண்ணீர் பீய்ச்சும். இது அப்படியில்லை சேட்டா, கவிழ்த்தால் வெறும் காற்றுதான் போகும், பொடி உள்ளேயே தங்கிவிடும் என்றேன். அவர் என் தோளில் தட்டினார். "நீ ஊருக்குச் சொல்லிக்கொடு அண்ணாச்சி. நான் நிஜத் தீயே அணைச்சவன்."

சுக்குக் காப்பி வாசம்

கொஞ்ச நாளில் அந்தக் கோடவுனில் நிஜமாகவே தீ, சாக்கு தைக்கிற மெஷினின் ஒயரிலிருந்து பிடித்தது. பட்டப்பகல். மாடியில் பெண்கள். படிக்குப் பக்கத்து மூட்டைதான் முதலில் எரிந்தது. ஜோசப் சேட்டன் ஓடிப்போய்ச் சிலிண்டரை எடுத்தார், பின்னைப் பிடுங்கினார். அந்த நேரத்தில் காது கேட்டதைக் கை எங்கே கேட்கிறது? கவிழ்த்துக் குத்தி அமுக்கினார். புஸ்ஸென்று காற்று போனது. அவ்வளவுதான்.

சிலிண்டரை வீசிவிட்டு, எரிகிற சாக்குகளை வெறுங்கையால் இழுத்து வெளியே போட்டார். அந்த இடைவெளியில்தான் பெண்கள் இருமிக்கொண்டே இறங்கினார்கள். மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் மெயினை நிறுத்தி, தண்ணீர் ஊற்றி மீதியை அணைத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்கச் சுக்குக் காப்பி வாசம். ஜோசப் சேட்டனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கையை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. பின்னால் முதலாளி யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "காலி சிலிண்டரை மாட்டிட்டுப் போயிருக்கான் அந்தத் தமிழன்."

பொடி

அந்தச் சிலிண்டரைக் கடைக்குக் கொண்டுவந்து திறந்தேன். கூட்டாளி ஷாஜி பக்கத்தில் நின்றான். தட்டில் சாய்த்தால் பொடி சலித்த மாவு போல நழுவி விழுந்தது. கட்டியாகிப் போனால்தான் பொடி வெளியே வராது. இதில் ஒரு கட்டி இல்லை. இவ்வளவு சுத்தமான பொடியைப் பார்த்து, கட்டியாகி இருந்திருக்கக்கூடாதா என்று நான் ஏங்கியது அன்றைக்குத்தான்.

பஜாரில் அதற்குள் பேச்சு பரவிவிட்டது. இரண்டு கடைக்காரர்கள் எங்கள் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். நான் தட்டிலிருந்த பொடியை விரலால் கிளறிக் கட்டி தேடிக்கொண்டிருந்தேன். என் மனசில் ஓடுவது ஷாஜிக்குத் தெரிந்துவிட்டது. "பொடி கட்டியாப் போச்சுன்னு சொன்னா அந்தச் சேட்டனுக்கு வேலை இருக்கும் அண்ணாச்சி, நமக்குக் கடை இருக்காது."

தோப்பும்படி

முதலாளியிடம் போனேன். பொடி நன்றாக இருந்தது, கவிழ்த்துப் பிடித்ததால் வரவில்லை, ஒரு தடவை கையில் பிடித்துப் பழக விட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று மூன்றையும் சொன்னேன். முதலாளி நடுவில் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார். கைக்கட்டு அவிழ்வதற்கு முன்பே ஜோசப் சேட்டனுக்கு வேலை போய்விட்டது. எங்களைக் கழற்றச் சொன்ன கடைக்காரர்கள் திரும்பவும் மாட்டச் சொன்னார்கள்.

நேந்திரம்பழம் வாங்கிக்கொண்டு தோப்பும்படியில் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு கையிலும் கட்டு. அவர் வீட்டம்மா சாயாவை ஆற்றி ஆற்றிக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. எரிந்த கோடவுன் திறக்கிறவரைக்கும் அந்தப் பெண்களுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்ததா என்று விசாரித்தார். கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "நீ சொன்னது பொய் இல்லை. ஆனா முதலாளிகிட்டப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்திருந்தா, நானே போய்ச் சொல்லியிருப்பேன் அண்ணாச்சி."

எண்ணெய்த் தீக்கு ஒன்று, கரண்டுத் தீக்கு ஒன்று என்று விதவிதமாகச் சிலிண்டர் வந்துவிட்டதுங்க, தீ அணைந்த பிறகு 'யார் தப்பு' என்று ஒன்று பற்றிக்கொள்கிறதே, அதற்கு மட்டும் எந்தக் கம்பெனிக்காரனும் இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.