நாற்பத்தொரு பிள்ளைகளின் தகப்பன்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் பரிசோதகர். கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடமாட்டார். மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுமதிச் சீட்டு வந்தபோது, பேருந்தின் டயரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் போட்டார். அலுவலகத்தில் அவருக்குத் ‘திருகாணி’ என்று பெயர்.

அப்பேர்ப்பட்ட அத்தான் வாழ்நாளில் ஒரு தடவை பார்க்காமல் பேசினார். அதில் எனக்கும் பங்கு உண்டு.

அவர் குடும்பத்தில் இந்த ஊருக்கு முதலில் வந்தவரைக் கப்பல்காரர் என்பார்கள். கப்பல் அவருடையது அல்ல. அதில் வந்து இறங்கினார், அவ்வளவுதான். ஐந்து தலைமுறைக்கு முந்திய கதை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான கையோடு, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சம்மந்தி பேச்சுவாக்கில் கேட்டார்: “உங்க கப்பல்காரருக்கு அப்பா யாருங்க?” அத்தானுக்குப் பதில் தெரியவில்லை. சம்மந்திக்கும் தன் வீட்டில் முதலில் வந்திறங்கியவரின் அப்பா யாரென்று தெரியாது. ஆனாலும் கேள்வி கேட்டவர் அவர் அல்லவா, அத்தானுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னதாகவே நான் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கினேன். விமானம் தாமதமாகிவிடுமோ என்ற பயம்தான் காரணம். மறுநாளே அத்தான் என்னை ஆவணக் காப்பகத்துக்கு இழுத்துப் போனார். வந்திறங்கியவர்களின் பழைய பதிவேடு வேற்று மொழியில், கொடி படர்ந்த மாதிரிக் கையெழுத்தில் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல நான்.

பேனாவுக்குத் தடை, பென்சில் மட்டும். தாள் பறக்கும் என்று மின்விசிறிக்கும் தடை. பஞ்சுத் தலையணையில் பதிவேட்டைக் கிடத்தி, காப்பக அம்மாள் எதிரே உட்கார்ந்து எங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல்காரரின் வரியைக் கண்டுபிடித்தேன். தகப்பன் என்ற கட்டத்தில் ஒரு கொத்தனாரின் பெயர். அத்தான் அந்த ஒரு வரியைப் படம் பிடித்து, படியிறங்கும்போதே இரு வீட்டார் குழுவிலும் போட்டுவிட்டார்: “கப்பல்காரரின் தகப்பனார் கிடைத்துவிட்டார்.”

சம்மந்தி சும்மா இருப்பாரா? மறுநாள் காலை அவரும் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்குப் போனார். மத்தியானம் தொலைபேசி அடித்தது. அத்தான் ஒலிபெருக்கியை அழுத்தினார்.

“சம்மந்தி, உங்க ஆளுக்கு அப்பா அந்தக் கொத்தனார்தானே?”

“ஆமாங்க. கைராசிக்காரரா இருந்திருப்பார்.”

“எங்க ஆளுக்கும் அவர்தான் அப்பா.”

அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தி விரல் விட்டு எண்ணினாள். இரண்டு வீடும் ஒரே அப்பனின் ஆண் வழி என்றால் பங்காளிகள். “அப்படின்னா மாப்பிள்ளை நம்ம பொண்ணுக்கு அண்ணன் முறை.”

“ரெண்டு வருஷமா அண்ணன்னு கூப்பிடாததுக்கு நான் இப்ப மன்னிப்புக் கேக்கணுமா?” என்றாள் மகள். சிரிக்கத்தான் சொன்னாள், குரல் உடைந்துவிட்டது.

சம்மந்தி தயங்கித் தயங்கிச் சொன்னார். “எங்க பெரியவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. திங்கக்கிழமைக்குள்ள ஒரு தெளிவு வேணுமாம். இல்லேன்னா கல்யாணத்தை நிறுத்திடச் சொல்றாங்க.”

தொலைபேசியை வைத்ததும் அக்கா ஆரம்பித்தாள். “அஞ்சு தலைமுறையா அவருக்கு அப்பா இல்லாம நல்லாத்தானே இருந்தோம். உங்களை யாரு தேடச் சொன்னது?”

 மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டதையே அத்தான் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை நாங்கள் மூவரும் காப்பகத்தில் இருந்தோம். சம்மந்தி கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்திருந்தார். நான் படிக்க வாயெடுத்தேன்.

“படிக்காதே. மையைப் பாரு,” என்றார் அத்தான்.

லிஃப்ட் பராமரிப்புக் குறிப்பேட்டை ஆட்கள் வாராவாரம் எழுத வேண்டும். சோம்பேறிகள் பரிசோதகர் வருவதற்கு முதல் நாள் உட்கார்ந்து மொத்தமாக நிரப்புவார்கள். ஒரே மை, ஒரே சாய்வு, கடைசியில் கை வலித்துக் கோணல். முப்பது வருஷமாக அவர் பிடித்துவந்த திருட்டு அது. இங்கே பெயர், வயது, உயரமெல்லாம் எழுதியதில் வரிக்கு வரி மையும் சாய்வும் மாறின. தகப்பன் கட்டம் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சு.

“எண்ணு.”

எண்ணினேன். நாற்பத்தொன்று. எல்லோருக்கும் தகப்பன் அந்தக் கொத்தனார்தான்.

“கொத்தனார் வயசு?”

அவரும் முதல் வரியில் இருந்தார். “இருபத்தாறு. பதினேழாவது மகனுக்கு ஐம்பத்திரண்டு.”

“அந்தக் காலத்து உடம்பு,” என்றார் சம்மந்தி.

“கொத்தனாருக்கு அப்பா யாரு?”

பார்த்தேன். இன்னொரு முறை பார்த்தேன். “அவரேதான்.”

சம்மந்தி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். காப்பக அம்மாள் நிமிர்ந்தார். “கட்டம் காலியா இருந்தா மேலதிகாரி பதிவேட்டைத் திருப்பி அனுப்பிடுவாராம். அதனால ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தவர் பேரையே எல்லாருக்கும் போட்டு நிரப்பிடுவாங்க.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்க எங்க நின்னீங்க? ஒரு வரி படிச்சதும் ஓடிட்டீங்க.”

சம்மந்திக்கு மூச்சு வந்தது. ஆனால் பெரியவர்களுக்குக் காட்ட எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றார். அத்தான் நெளிந்தார். “பதிவு தப்புன்னு எழுதித் தரேன். உறவே இல்லேன்னு எப்படிங்க எழுதறது? நான் பார்க்கலியே.”

“அத்தான்,” என்றேன், “வீட்டுல பொண்ணு சாப்பிடாம உக்காந்திருக்கா.”

பென்சிலை எடுத்தார். நெடுநேரம் யோசித்து எழுதினார்: ‘நேரில் பரிசோதித்ததில், இரு குடும்பங்களுக்கும் இடையே உறவுமுறைக் கோளாறு எதுவும் காணப்படவில்லை.’ கையெழுத்துப் போட்டார். கை, லிஃப்ட் சான்று எழுதிய பழக்கத்தில், அதோடு நிற்கவில்லை: ‘இச்சான்று இன்று முதல் ஓராண்டுக்குச் செல்லும்.’

சம்மந்தி படித்தார். “ஒரு வருஷம்தானா? அப்புறம்?”

“அப்புறம் மறுபடி வந்து பார்க்கணும். யாருக்கும் அதுக்கு மேல குடுக்கறதில்லீங்க.”

சம்மந்தி தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “போதும். அதுக்குள்ள ஒரு பேரக்குழந்தை வந்துட்டா, பெரியவங்க அதை யாரு தூக்கறதுன்னு அடிச்சுக்குவாங்க.”